பேரு மட்டும் தப்புங்க

ஏனுங்ணா, அந்தப் பையச் சித்த அக்கட்ட தள்ளிக்கறீங்களா? போதுமுங்க, போதும். ஒக்காந்தாச்சு. முகூர்த்த நாளும் அதுவுமாப் பல்லடத்துல ஏறிச் சீட்டுக் கெடைக்கறதுன்னா லேசான காரியமா?

எங்க எறங்கோணும் நீங்க? சிங்காநல்லூருங்களா? அட, நானும் அங்கதானுங்க. பேச்சுத் தொணையாச்சு. பயந்துக்காதீங்க, நான் அதிகம் பேசற ஆளில்லீங்க. இருவத்தி மூணு வருசம் தறிக் குடோன்ல வேலை செஞ்சவன். பேரு நாச்சிமுத்து.

தறிக் குடோனுக்குள்ள போயிருக்கறீங்களா? இருவத்தி நாலு தறி ஒட்டுக்கா ஓடும். பக்கத்துல நிக்கறவன் தும்முனாக்கூட மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். வெடியால எட்டு மணிக்கு உள்ள போனாப் பொழுதோட எட்டு மணிக்கு வெளிய. பன்னெண்டு மணி நேரம் ஒரு வார்த்தை கெடையாதுங்க. எல்லாம் சாடைதான். நூல் அந்துருச்சா, ரெண்டு வெரலப் பிரிச்சுக் காட்டோணும். டீ வந்துருச்சா, கட்டை வெரலு வாய்க்கு. தறிய ஓட்டுன்னா, உள்ளங்கைய முன்னால தள்ளிக் காட்டோணும், இப்படி. மொதலாளி வந்துட்டாரா, காதைத் தொடோணும். அப்படியே பழகுனவன் எங்கீங்க பேசப் போறேன்?

வெளிய வந்தப்பறம் சித்த பேசுவேன், அது ஞாயந்தானுங்களே. பன்னெண்டு மணி நேரத்துது உள்ள நிக்குமல்லொ. டீக்கடையில கொஞ்சம், கோயில்ல கொஞ்சம், ஊட்டுக்குப் போயிக் கொஞ்சம். என்ற ஊட்டுக்காரி சம்பூர்ணம் என்ன சொல்லுவான்னா, "தறியாவது கரண்டு போனா நிக்குமுங்க"ம்பா. அவளுக்குக் குசும்பு அதிகம்.

இப்ப நான் தறிக்குப் போறதில்லீங்க. தொழில மாத்திட்டேன். நாப்பத்தேழு வயசுல! ஆராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க. ஆனா அது எப்படி நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே சரியாப் புரிபடலீங்க. சொல்றேன், கேளுங்க. நீங்க நல்லாக் கேக்கறீங்க. வக்கீலா நீங்க? இல்லீங்களா. பரவால்ல.

எனக்கு ஒரே பொண்ணு. மௌனிகா. பேரு வெக்கையிலயே தப்புப் பண்ணிட்டனுங்க. 'ம'வுல ஆரம்பிக்கோணும்னு சோசியகாரரு சொல்லிட்டாரு. ஆரோ மௌனிகான்னாங்க. சத்தம் நல்லா இருந்துச்சு, வெச்சுட்டேன். அர்த்தம் பொறவுதான் தெரிஞ்சுது. பேருக்குத் தக்கன புள்ள. பொறந்தப்பவே சித்தநேரம்தான் அழுதாளாமா, நர்சம்மா சொன்னாங்க. எது கேட்டாலும் "ம்". அந்த 'ம்'முலயே ஏழெட்டு வகை இருக்குதாமுங்க. வேணும்னா ஒண்ணு, வேண்டாம்னா ஒண்ணு, கோவம்னா ஒண்ணு. சம்பூர்ணத்துக்கு எல்லாம் பிரிச்சுத் தெரியும். எனக்கு எல்லாமே 'சரிங்கப்பா'ன்னுதான் கேக்கும்.

சின்னப் புள்ளையில எனக்குச் சோறு கொண்டுக்கிட்டுத் தறிக் குடோனுக்கு வருவா. அங்க மட்டும் அவளுக்கு ஒரே குசாலு. எல்லாச் சாடையும் ஒரு வாரத்துல கத்துக்கிட்டா. பேச வேண்டாத எடமல்லொ.

அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்துச்சுங்க. விதை. மாத்திரை டப்பா எல்லாத்தையும் கழுவி வெச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு விதை. கம்பு, சோளம், நரிப்பயறு, கொள்ளு, எங்கெங்கயோ பொறுக்குனது. மேல பென்சில்ல பேரு எழுதி ஒட்டியிருப்பா. முத்து முத்தா எழுத்து. ஆனா புள்ளி வெக்கற எடத்துல எல்லாம் குட்டியூண்டு வட்டம் போட்டு உள்ள நெரப்பி வெப்பா, கடுகாட்ட. "புள்ளின்னாப் புள்ளியா வெக்கோணும், பரிச்சையில மார்க்கக் கொறைச்சுப் போடுவாங்க"ன்னு எத்தனையோ தடவ வைஞ்சிருக்கறேன். "ம்"ம்பா. மறுநாளும் கடுகுதான்.

இதுல வேற ஈரத்துணிய விரிச்சு, பத்துப் பத்தா விதைய வரிசை வெச்சு, மூடி, மூணு நாளு கழிச்சுத் தொறந்து எத்தனை மொளைச்சுதுன்னு எண்ணுவா. நோட்டுல எழுதுவா. ஒரு நாளு என்ற துண்டைத் தேடுறேன் தேடுறேன், அதுக்குள்ள அம்பது தட்டப்பயறு மொளைச்சுக் கெடக்குது!

அவ பன்னெண்டாவது படிக்கையில பள்ளிக்கோடத்துல ஒரு மேடம் வந்து ஒரு படிவம் குடுத்தாங்க. 'உங்கள் குணத்துக்கு ஏற்ற தொழில்'னு மேல போட்டிருந்துச்சு. அறுவது கேள்வி. நெரப்பிக் குடுத்தா, கம்ப்யூட்டர்ல போட்டு, இந்தப் புள்ளை இன்ன வேலைக்குத்தான் ஆகும்னு சொல்லிருமாமா. பாருங்க, எப்பேர்ப்பட்ட காலம்! எனக்கெல்லாம் இப்படி ஒரு பேப்பர் இருந்திருந்தா நான் ஏன் தறிக்குப் போறேன்?

"கொண்டா சாமி, ஒட்டுக்கா எழுதலாம்"னு நான்தானுங்க பேனாவ எடுத்தேன். பெத்தவனுக்குத் தெரியாததா? ஒண்ணொண்ணாப் படிச்சு, அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுனேன். 'அறிமுகம் இல்லாதவர்களிடம் பேசத் தயங்குவீர்களா?' அவ வாயத் தொறந்தா. நேரமாகுமல்லொ, நானே 'இல்லை'ன்னு போட்டுட்டேன். தயங்கறதுக்கு என்ன இருக்குது, மனுசங்கதானே? 'கூட்டமான இடத்தில் உங்கள் மனம் எப்படி இருக்கும்?' 'சந்தோசம்'. 'தனியாக இருந்தால்?' 'கிறுக்குப் பிடிக்கும்'. 'நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று கவனிப்பீர்களா?' 'எப்போதும்'. ஏனுங்ணா, தூங்கீட்டீங்களா? இல்லீங்களா? சரி சரி.

அறுவதும் முடிஞ்சு நிமுந்து பாத்தா, பாப்பாவக் காணோம். கொல்லையில தண்ணி ஊத்தறா. "எல்லாஞ் சரியா எழுதியிருக்கறனா"ன்னு கேட்டேன். "ம்"ன்னா.

பத்து நாளுல பேப்பர் வந்துச்சு. சொல்றேன் பாருங்க, எனக்கு மனப்பாடம். 'இவர் மக்கள் கூட்டத்தில் ஒளிர்பவர். முன்பின் தெரியாதவரையும் ஒரு நிமிடத்தில் உறவாக்கிக்கொள்வார். விருந்தோம்பல், வரவேற்பு, விழா ஏற்பாடு ஆகிய துறைகள் இவருக்கு மிகவும் பொருந்தும். தனியாக அமர்ந்து செய்யும் ஆய்வுக்கூட வேலை இவருக்கு ஒத்துவராது.' படிச்சு முடிச்சுட்டு நான் அழுதுட்டனுங்க. என்ற வவுத்துல பொறந்ததுக்கு இப்படி ஒரு கொணமா! உள்ளுக்குள்ள இத்தனைய வெச்சுக்கிட்டுத்தான் கம்முனு இருந்திருக்கறா, நம்மதான் வெளிய கொண்டு வரோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அன்னைக்குத்தான் அவ வந்து நின்னா. "அப்பா, நான் விவசாயக் காலேஜ்ல படிக்கறேனுங்க. விதைய ஆராயறதுக்கு அங்க படிப்பு இருக்குது."

அத்தனை நீளமா அவ பேசி நான் கேட்டதே இல்லீங்க. ஆனா பேப்பர் கையில இருக்குதே. "இங்க பாரு சாமி, ஆய்வுக்கூடம் ஒத்துவராதுன்னு அச்சடிச்சே குடுத்துட்டாங்க. உனக்கு ஓட்டல் படிப்புத்தான்"ன்னேன். "ம்"ன்னா. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

சம்பூர்ணம் நாலு நாளு என்றகூடப் பேசவே இல்லீங்களாமா. எனக்குத் தெரியல. அஞ்சாம் நாளு அவளேதான் சொன்னா.

அவினாசிப் பக்கம் ஒரு ஓட்டல் படிப்புக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு சாரு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு, "உங்களைப் பத்தி ரெண்டு நிமிசம் பேசுங்கம்மா"ன்னாரு. பாப்பா எந்திரிச்சா. "வணக்கம். என் பேரு மௌனிகா"ன்னா. ஒக்காந்துட்டா. மிச்ச நேரம் சும்மா கெடக்குதேன்னு நான் சித்த எடுத்துச் சொன்னேன். எங்கூரு, எங்க சனம், கலியாணத்துல பந்தி எப்படிப் போடோணும், இலையில எது எங்க வரோணும், எல்லாம். அந்தச் சாரு ஆன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசில, "சீட்டு உங்களுக்கு வேணும்னா இப்பவே தரேனுங்க"ன்னு சிரிச்சாரு. நல்ல தமாஸ் பேர்வழி. திங்கக்கெழம சர்ட்டிபிகேட் எல்லாங் கொண்டாரச் சொல்லிட்டாங்க.

அதுக்கு முந்தின வெள்ளிக்கெழமதானுங்க கலியாணம். என்ற மச்சான் சென்னியப்பன், சம்பூர்ணத்தோட அண்ணன், அவரு பொண்ணுக்கு. விவசாயக் காலேஜுக்கு மனுப் போடறதுக்குக் கடைசித் தேதியும் அதே வெள்ளிக்கெழம பொழுதோட அஞ்சு மணி. எனக்குத் தெரியும். காலண்டர்ல அந்தத் தேதியச் சுத்திக் கடுகு கடுகா வட்டம் போட்டிருந்தாளே. ஆனா சர்ட்டிபிகேட் எல்லாம் பீரோவுல. பீரோச் சாவி என்ற அர்ணாக் கவுத்துல. புள்ளையோட எதிர்காலமல்லொ, நாமதானே காப்பாத்தோணும்.

நீங்க இந்தப் பக்கம் இல்லீங்களா? அப்ப மொளப்பாலிகை தெரியாதுங்களே. எங்க கலியாணத்துல முக்கியமுங்க. கலியாணத்துக்கு முன்னால நல்ல நாளாப் பாத்துச் சின்னச் சின்ன மண் சட்டியில நவதானியத்த வெதைச்சு, இருட்டான எடத்துல கூடை போட்டு மூடி வெச்சு, தண்ணி தெளிச்சுட்டு வரோணும். கலியாணத்தன்னைக்கு மணவறை கிட்டக் கொண்டு போயி வெக்கோணும். மஞ்சளாத் தளதளன்னு வளந்து நிக்கும். அது எப்படி மொளைக்குதோ அப்படித்தான் அந்தக் குடும்பம் தழைக்கும்னு நம்பிக்கை. எங்க வளமுறையில அதைப் போடறது பொண்ணுக்கு அத்தை. அப்படீன்னா சம்பூர்ணம். அப்படீன்னா, தானியம் வாங்கறது நானு.

பல்லடத்துல பூசைச் சாமான் கடையில போயிக் கேட்டேன். அந்தக் கடைக்காரரு அருமையான மனுசன். அவரு கதைய நானும், என்ற கதைய அவரும்... ம், நான்தான் எச்சாச் சொன்னேன்னு வையுங்க. பேச்சுவாக்குல அவரு ஒரு பொட்டலத்த எடுத்துக் குடுத்தாரு, நானும் வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அது ஓமத்துல போடற பொட்டலம். எத்தனை வருசமாக் கடையில கெடந்துச்சோ. நெருப்புல போடறதுக்கு மொளைச்சா என்ன, மொளைக்காட்டி என்ன?

பாப்பா அதுல ஒவ்வொண்ணுலயும் பத்து எடுத்து ஈரத்துணியில வெச்சிருக்கறா. மூணாம் நாளு வந்து நோட்டைக் காட்டுனா. "மொளைக்காதுங்கப்பா. பத்துக்கு ஒண்ணு ரெண்டுதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "நல்ல காரியத்துக்கு வாங்கிட்டு வந்ததப் பாத்து மொளைக்காதுன்னு வாயால சொல்லலாமா? நீ வாயத் தொறக்கறதே வருசத்துக்கு ஒருக்கா, அதுலயும் இப்படியா?"ன்னு கத்திப்போட்டேன். "ம்"ன்னுட்டுப் போயிட்டா. நானே ஒம்பது சட்டியிலயும் வெதைச்சு, பெரிய தட்டத்துல அடுக்கி, நானே கூடையக் கவுத்து வெச்சேன். தண்ணியக்கூடக் கூடைச் சந்து வழியாத்தான் தெளிக்கறது, கலியாணம் வரைக்கும் ஆரும் தொறந்து பாக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். அப்படி ஒரு வளமுறை இருக்குதான்னு கேக்கறீங்களா? அன்னைக்கு இருந்துச்சுங்க.

கலியாணத்தன்னைக்கு வெடியால மண்டபத்துக்குப் பொறப்படறோம். சாமான் ரூமுக்குள்ள ரெண்டு கூடை இருக்குது. நான் வெச்சது ஒண்ணு, மூலையில இன்னொண்ணு. சம்பூர்ணம் ஓடியாந்தா. "ஏனுங்க, அந்தக் கூடை இல்லீங்க, இதை எடுங்க"ங்கறா. எனக்கா தெரியாது எங்கூடை எதுன்னு? "சொம்மா இருடி, நேரமாச்சு"ன்னு நான் பாட்டுக்கு என்ற கூடையத் தட்டத்தோட தூக்கிட்டு வந்துட்டேன். அவ இன்னொரு கூடையத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்தா. எதுக்குன்னு கேக்கத் தோணல.

மண்டபத்துல நாலு பேரு இருந்தா எனக்கு ஒரு உசாரு வந்துரும். மணவறைக்கு முன்னால நின்னுக்கிட்டு, "எல்லாரும் பாருங்க, அத்தை ஊட்டுப் பாலிகை!"ன்னு சத்தம் போட்டுக் கூடைய எடுத்தனுங்க.

மண்ணு. ஒம்பது சட்டியிலயும் வெறும் மண்ணு. அங்கொண்ணு இங்கொண்ணு, சீக்குக் கோழியாட்டத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு மொளை.

அட கெரகமே! மேளக்காரங்க நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க மூஞ்சியோட மூஞ்சி பாக்கறாங்க. "மொளைக்கலியே, மொளைக்கலியே"ன்னு பின்னால வரைக்கும் போகுது. மச்சானுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. கலியாணப் பொண்ணு கண்ணுல தண்ணி. மாப்பிள்ளை ஊட்டுப் பெரியவரு ஒருத்தரு தடியூனிக்கிட்டு மெதுவா எந்திரிக்கறாரு. என்ற ஆயுசுலயே பேச்சு வராம நின்னது அன்னைக்கு ஒருக்காத்தான்.

அப்பத்தான் பாப்பா வந்தா. கையில ரெண்டு சட்டி. பின்னால சம்பூர்ணம் மிச்சத்தோட. மஞ்சளா, சாண் ஒசரம், சீப்பு வெச்சு வாரிவுட்டாப்பல. அவளோட மாத்திரை டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டு, அம்மாவும் மகளுமா வளத்தியிருக்கறாங்க, எனக்குத் தெரியாம, என்ற ஊட்டுக்குள்ளயே! என்னத்தச் சொல்ல.

பெரியவரு கேட்டாரு, "என்ன அம்முணி இது, ரெண்டு பாலிகை?"

பாப்பா அவரு மூஞ்சிய நேராப் பாத்தா. "அதுல போட்டது பழைய விதைங்க. உசுரு இல்லீங்க. தோசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க தாத்தா, பழசு, அவ்வளவுதான். பத்துப் பத்தாப் போட்டு எண்ணிப் பாத்தனுங்க. இது நல்ல விதை. பத்துக்கு ஒம்பது மொளைச்சுது."

பெரியவரு ஒரு சட்டிய வாங்கிக் கிட்டத்துல வெச்சுப் பாத்தாரு. தடவிப் பாத்தாரு. "புள்ளை எண்ணிப் பாத்துல்ல சொல்லுது. மேளத்த அடிங்கடா!"ன்னாரு. அவ்வளவுதான், மண்டபமே மூச்சு விட்டுச்சு.

தாலி கட்டியாச்சு. பந்தி போட்டாச்சு. பந்தி விசாரிக்கறது எப்பவும் நானுங்க. எங்க சனத்துல எந்தக் கலியாணம்னாலும், "நாச்சிமுத்து வந்தாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் இலையப் போடுவாங்க. சும்மா 'சாம்பார் வேணுமா'ன்னு கேக்கறதில்லீங்க அது. பெரியம்மாவுக்குப் பல்லில்ல, அப்பளத்த நொறுக்கிப் போடோணும். மாமனாரு ஊட்டுக்காரங்க கூச்சத்துல ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்க, நாமளாப் பாத்து ஊத்தோணும். போன மாசம் சண்டை போட்ட ரெண்டு பங்காளிங்களப் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வெச்சுரக் கூடாது. கேட்டுக்கிட்டே போகோணும், சிரிக்க வெச்சுக்கிட்டே போகோணும். எல்லாரும் தின்னு முடிச்சுக் கையக் கழுவுனப்பறம் கடைசியில நிக்கறவன் நானு. "நாச்சிமுத்து, நீ தின்னியா?"ன்னு ஆரும் கேட்டதில்ல. அது அப்படித்தான், விசாரிக்கறவனை ஆரு விசாரிப்பாங்க?

அன்னைக்கு ரெண்டாம் பந்தி, நடுவால ஒரு வரிசை காலியாக் கெடக்குதுங்க. ஆளெல்லாம் எங்கடான்னு பாத்தா, மண்டபத்து மூலையில கும்பலா நிக்கறாங்க. எல்லாம் தோட்டங்காட்டுக்காரங்க. நடுவுல பாப்பா. ஒருத்தரு கள்ளக்காய் விதை, நெலக்கடலைங்க, அது ஏன் பாதிதான் மொளைச்சுதுன்னு கேக்கறாரு, ஒருத்தரு சோளத்துக்குக் கேக்கறாரு. அவ சொல்லிக்கிட்டு இருக்கறா. கைய ஆட்டி ஆட்டி! எங்க வெச்சிருந்தீங்க, மழையில நனைஞ்சுதா, எந்த வருசத்துது, பத்து எண்ணி ஈரத்துணியில வையுங்க. சிரிக்கறா. அரை மணி நேரம் பேசறா, என்ற பொண்ணு!

நான் சாம்பார் வாளியோட அப்படியே நின்னுட்டேன். சித்த கிட்டப் போயிக் கேக்கலாம்னு போனனுங்க. என்னயப் பாத்தா. நிறுத்திட்டா.

வாய மூடிக்கிட்டா. நான் பேச ஆரம்பிப்பேன்னு எடம் வுட்டுட்டா.

அங்கதானுங்க சுருக்குன்னுச்சு. பதினேழு வருசமா அவ இப்படித்தான் எடம் வுட்டுக்கிட்டே வந்திருக்கறாளோன்னு... சரி, அது கெடக்கட்டும். நான் பின்னாலயே நடந்து பந்திக்கே வந்துட்டேன். மறுக்கா அவ பேச ஆரம்பிச்சுட்டா. மணி ரெண்டரை. மேளம் ஒரு பக்கம், மைக் செட்டு ஒரு பக்கம், கத்துனாலும் கேக்காது. தறிக் குடோனேதான். நான் வாளியக் கீழ வெச்சுட்டு, அர்ணாக் கவுத்துல இருந்து சாவிய அவுத்து, அவ பாக்கற வரைக்கும் ஒசரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பாத்தா. உள்ளங்கைய முன்னால தள்ளிக் காட்டுனேன். தறிய ஓட்டு.

அவளுக்குப் புரிஞ்சுருச்சுங்க. அத்தனை கூட்டத்தையும் தள்ளிக்கிட்டு ஓடியாந்து, சாவியப் புடுங்கிக்கிட்டு, என்ற கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு ஓடுனா பாருங்க. சம்பூர்ணமும் பின்னாலயே. நாலே முக்காலுக்கு மனுப் போட்டாச்சு. எடமும் கெடைச்சுப் போச்சு. இப்ப ரெண்டாவது வருசம்.

எனக்கு என்ன ஆச்சரியம்னா, அந்தப் பேப்பரு எப்படித் தப்பாச்சுங்கறதுதான். அறுவது கேள்விக்கும் நான் அத்தனை கவனமா எழுதியிருக்கறேன். கம்ப்யூட்டர் கோளாறாத்தான் இருக்கோணும். வேற ஆரோட பேப்பரோ மாறி வந்துருச்சு. போயிச் சண்டை போடலாம்னு பீரோவுல தேடுனேன். காணோமுங்க. சம்பூர்ணத்தக் கேட்டேன், தெரியாதுங்கறா. பாப்பாவக் கேட்டேன், "ம்"ங்கறா.

ஒரு மாசம் போச்சு. தறிக் குடோன் வாசல்ல ஒரு மனுசன் வந்து நிக்கறாரு. துரைராசுன்னு, சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவரு. மச்சான் ஊட்டுக் கலியாணத்துக்கு அவருதான் சமையலு. "உங்களையே நெனைச்சுக்கிட்டு இருந்தனுங்க. என்றகிட்ட நாப்பது பேரு சமைக்க இருக்கறாங்க, பரிமாற இருக்கறாங்க, விசாரிக்கத்தான் ஆளில்ல. போடறதப் போட்டுட்டுப் போனையப் பாக்கறானுக. வந்துருங்க"ன்னாரு. "நான் தறிக்காரனுங்க, எனக்கு என்ன தெரியும்"னேன். அவரு சட்டைப் பையில இருந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டுனாரு. "உங்களுக்கு என்ன தெரியும்னு இதுலயே போட்டிருக்குதுங்களே"ன்னாரு.

அதே பேப்பருங்க! விருந்தோம்பல், வரவேற்பு, மக்கள் கூட்டத்தில் ஒளிர்பவர். அப்பறம் உத்துப் பாத்தேன். பேரை மட்டும் அடிச்சுத் திருத்தியிருந்துச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அது ஆரம்பத்துல இருந்தே என்ற பேப்பருதான்! அந்த மேடம் தப்பக் கண்டுபுடிச்சு, திருத்தி, எங்க அனுப்போணுமோ அங்க அனுப்பி வெச்சிருக்கறாங்க. எப்பேர்ப்பட்ட பொறுப்பு பாருங்க. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னா, மாத்தலாகிப் போயிட்டாங்களாமா.

அன்னையில இருந்து நான் பந்தி விசாரிக்கறதுதான் சோலி. ரெண்டு வருசமாகப் போகுது. பொழுதெல்லாம் பேசலாமுங்க! பேசறதுக்குன்னே கூப்புடறாங்க! ஊட்டுக்கு வந்தா எனக்குப் பேச்சே வரதில்ல, கம்முனு கட்டல்ல சாஞ்சுக்கறேன். சம்பூர்ணம், "ஏனுங்க, ஒடம்புக்குச் சுகமில்லையா?"ன்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறா. இப்பக்கூடச் சிங்காநல்லூர் மண்டபத்துக்குத்தான் போறேன், ஆயிரத்து இருநூறு இலை.

அந்தப் பேப்பரா? எப்பவும் கூடவே வெச்சிருப்பனுங்க. லேமினேசன் பண்ணியாச்சு. இருங்க, துண்டுக்கு அடியில... இந்தாங்க. பாருங்க, 'மௌனிகா'ன்னு அச்சடிச்சத அடிச்சுட்டு, மேல பென்சில்ல 'நாச்சிமுத்து'ன்னு. எத்தனை அழகான எழுத்து பாத்தீங்களா? படிச்சவங்க படிச்சவங்கதான்.

என்னங்க? மேடத்தோட எழுத்துன்னு எப்படித் தெரியும்னா? வேற ஆரு எழுதப் போறாங்க? இந்தப் பேப்பரு எங்க ஊட்டு பீரோவுல...

சித்த குடுங்க அதை.

'ச்'சுக்கு மேல. 'த்'துக்கு மேல. இது என்னங்க இது, புள்ளியா? எனக்குக் கண்ணாடி இல்லாமச் சரியாத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. வட்டமுங்களா? உள்ள நெரப்பி இருக்குதுங்களா?

கடுகாட்டயா?

ம்.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தூசி விழுந்துருச்சு. ஒரு நிமிசம் இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

அலோ. பாப்பா, அப்பா பேசறேன். ஆமா, பஸ்ஸுல. பாப்பா... அந்தப் பேப்பரு. துரைராசுகிட்ட... அதுல என்ற பேரு...

ம்.

ம்.

ம்.

சரி சாமி. வெச்சரட்டுமா.

என்ன சொன்னாளுங்களா? பேப்பரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. "இன்னைக்கு எத்தனை இலைங்கப்பா?"ன்னு கேட்டா. "கடைசிப் பந்தி வரைக்கும் நிக்காதீங்க"ன்னா. அப்பறம், "நீங்க சாப்டீங்களா?"ன்னா.

சிங்காநல்லூர் வந்துருச்சுங்ணா. உங்க பையக் குடுங்க, நான் எறக்கித் தரேன். அந்த மண்டபத்துக்கே வந்துருங்களே, ஒரு வாய் தின்னுட்டுப் போலாம். பக்கத்துல பக்கத்துல இலையப் போடச் சொல்லி நானும் மொதப் பந்தியிலயே ஒக்காந்துக்கறேன்.